கடிகாரத்தைத் திருப்பலாம்; உடலை?

மகளின் பேறுகாலத்திற்கு உதவும்பொருட்டுச் சென்னையிலிருந்து இலண்டனுக்கு விமானமேறும் பெற்றோர் இன்று நம் பங்குகளில் பலர். ஊறுகாய்க்கும் கம்பளிச் சட்டைக்கும் பெட்டியில் இடம் தேடும் நாம், உறக்கத்தைப்பற்றிச் சிறிதும் எண்ணுவதில்லை. சென்றிறங்கிய முதல் இரவிலேயே அது தன் வேலையைக் காட்டிவிடுகிறது. மாலை ஏழு மணிக்கே கண்கள் சொருகுகின்றன. நள்ளிரவுக்குப்பின் இரண்டு மணிக்கே விழிப்புத் தட்டிவிடுகிறது. தாய் தன் மூப்பை நொந்துகொள்கிறாள். மருமகனோ குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்கிறார். காரணம் இரண்டும் அன்று.

மூளையின் அடிப்பகுதியில் உள்ள சிறு நரம்பணுத் திரள் ஒன்றே நம் உறக்கத்தையும் உடல் வெப்பத்தையும் கடிகாரம்போல் முறைப்படுத்துகிறது. இத்தகைய கடிகாரம் உயிரணுக்களுக்குள் இயங்கும் விதத்தைக் கண்டறிந்த ஹால், ராஸ்பாஷ், யங் என்னும் அமெரிக்க அறிஞர் மூவர் 2017ஆம் ஆண்டு மருத்துவத்திற்கான நோபல் பரிசைப் பெற்றனர். அக்கடிகாரம் நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரமே நகரும். நம் முன்னோர் வாரக்கணக்கில் கப்பலில் சென்றபோது நேரமும் சிறிது சிறிதாகவே மாறிற்று. உடலும் உடன் மாறிற்று. விமானமோ, கோடையில் நாலரை மணியும் குளிர்காலத்தில் ஐந்தரை மணியும் பிந்திய நாட்டில் ஒரே பகலில் நம்மை இறக்கிவிடுகிறது.

உடற்கடிகாரத்தைத் திருப்பும் சாவி வெளிச்சமே. மேற்கே செல்வோர்க்கு மாலை வெளிச்சம் துணை. சூன் மாதத்து இலண்டனில் இரவு ஒன்பது மணிக்குப் பின்னரே கதிரவன் மறைகிறான். எனவே மாலையில் பூங்காவில் உலாவி, ஒன்பதரை வரையேனும் விழித்திருத்தல் நன்று. நள்ளிரவில் விழிப்பு வந்தால் விளக்கையோ கைப்பேசியையோ நாடவேண்டாம். அவ்வேளை வெளிச்சம் உடலை மீண்டும் ஊர் நேரத்திற்கே இழுக்கும்.

ஊர் திரும்புதலே கடினம். நம் இயற்கைச் சுழற்சி 24 மணி நேரத்தைவிடச் சற்றே நீண்டது. ஆதலால் நாளை நீட்டுவது எளிது, சுருக்குவது அரிது. சென்னையில் இறங்கிய மறுநாள், காலை ஒன்பது, பத்து மணிக்கு முன் படும் வெயில் கடிகாரத்தை எதிர்த்திசையில் தள்ளும். ஆறு மணித் திருப்பலிக்கு விரையும் பழக்கமுடையோர், முதலிரு நாள்கள் மாலைத் திருப்பலியை நாடலாமே! பங்குத்தந்தை கோபித்துக்கொள்ளமாட்டார்.

இவற்றினும் முக்கியமானது நீரிழிவு நோயாளரின் இன்சுலின். கோடையில் மேற்கே செல்லும் நாள் இருபத்தெட்டரை மணியாக நீளும்; திரும்பும் நாளோ பத்தொன்பதரை மணியாகக் குறுகும். ஊர்க் கடிகாரத்தை மட்டும் பார்த்து வழக்கமான அளவைப் போட்டுக்கொண்டால், திரும்பும்போது இரண்டு ஊசிகளும் நெருங்கிச் சர்க்கரை அபாயமான அளவுக்குத் தாழக்கூடும். மயக்கத்தை அயர்வு என்று எண்ணி உறங்கவிட்டுவிடும் ஆபத்தும் உண்டு. ஆகவே பயணத்திற்குச் சில வாரங்கள் முன்னரே மருத்துவரைக் கண்டு, எந்த மணிக்கு எவ்வளவு என்பதை இந்திய நேரத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ளவேண்டும். மருந்தைக் கைப்பையிலேயே வைத்திருத்தல் வேண்டும்; சரக்கறையின் குளிரில் இன்சுலின் உறைந்து பயனற்றுப் போகலாம்.

வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கும் ஒன்று கூறுவோம். தாய் வந்த மறுநாளே பச்சிளங் குழந்தையை இரவெல்லாம் அவர் மடியில் விட்டுவிடாதீர்கள். மூன்று நான்கு நாள்கள் பொறுங்கள்.

தந்தையின் நல்லடக்கத்திற்கென ஓடிவந்து மூன்றாம் நாளே திரும்பும் மகனின் நிலை வேறு. அவர் இலண்டன் நேரப்படியே உண்டு உறங்கலாம். இரவு ஒரு மணிக்கு விழித்திருப்பவரை உறவினர் வற்புறுத்திப் படுக்கவைக்கவும் வேண்டாம். காலை ஒன்பது வரை உறங்குபவரைக் குறைகூறவும் வேண்டாம். திரும்பிச் சென்று இறங்கியதும் விமான நிலையத்திலிருந்து அவர் தாமே காரோட்டிச் செல்லாதிருக்க, அங்குள்ள நண்பர் ஒருவரிடம் முன்கூட்டியே சொல்லிவைக்கலாம்.