வேகத்தை எழுதி வைத்த 256 கட்டங்கள்

இன்ஜினில் ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றாமல் ஒரு காரின் சக்தியைக் கூட்ட முடியுமா? டர்போ பொருத்திய ஸ்போர்ட்ஸ் காரில் முடியும். காருக்குள் இருக்கும் குட்டிக் கம்ப்யூட்டரில் சில எண்களை மாற்றி எழுதுவார்கள். இதற்கு ரீமேப்பிங் என்று பெயர். எண்ணை மாற்றினால் இரும்புக்கு எப்படிப் பலம் வரும்? வாருங்கள், புகழ்பெற்ற ஒரு காரை வைத்தே பார்த்துவிடுவோம்.

1989-இல் ஜப்பானின் நிஸான் நிறுவனம் ஸ்கைலைன் ஜிடி-ஆர் ஆர்32 என்ற காரைக் கொண்டுவந்தது. ஆறு சிலிண்டர், 2.6 லிட்டர் இன்ஜின், இரண்டு டர்போ. சக்தி 280 குதிரைத்திறன் என்று அறிவித்தார்கள். அதற்கு மேல் சக்தியுள்ள கார்களை ஜப்பானில் விற்பதில்லை என்று ஜப்பானியக் கார் நிறுவனங்கள் அப்போது தங்களுக்குள் பேசிவைத்திருந்தன. 2004 வரை அந்தப் பேச்சு நிலைத்தது. ஆனால் இந்த இன்ஜின் பந்தயத்தை மனத்தில் வைத்து வடிவமைக்கப்பட்டது. பந்தயக் காரில் அது 500 குதிரைத்திறனுக்கும் மேல் கொடுத்தது. 1990 முதல் 1993 வரை ஜப்பானின் டூரிங் கார் தொடரில் நடந்த 29 பந்தயங்களிலும் ஜிடி-ஆர்தான் வென்றது. அப்படியென்றால், சாலையில் ஓடிய காரில் எவ்வளவு பலம் பயன்படாமல் இருந்திருக்கும், யோசித்துப் பாருங்கள்!

அந்தப் பலம் எங்கிருந்து வருகிறது? பெட்ரோலிலிருந்து என்பீர்கள். பாதிதான் சரி. 1 கிராம் பெட்ரோல் முழுதாக எரிய ஏறக்குறைய 14.7 கிராம் காற்று வேண்டும். காற்று போதாவிட்டால் எவ்வளவு பெட்ரோல் ஊற்றினாலும் கரும்புகைதான் மிஞ்சும். அதனால் எவ்வளவு காற்று உள்ளே போகிறது என்பதே முதல் கேள்வி.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். இந்த வகை இன்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை தன் கொள்ளளவுக் காற்றை உறிஞ்சும். நிமிடத்துக்கு 6000 சுற்று என்றால் நொடிக்கு 100 சுற்று. அதாவது நொடிக்கு 50 முறை 2.6 லிட்டர். பெருக்கினால் 130 லிட்டர்! இது டர்போ இல்லாமல், தானாக உறிஞ்சும் அளவு.

டர்போ இதையும் தாண்ட வைக்கிறது. இன்ஜினிலிருந்து வெளியேறும் சூடான புகை ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றும். அதே தண்டின் மறுமுனையில் இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும். வீணாகப் போகும் புகையை வேலை வாங்கும் இந்த யோசனைக்கு 1905-லேயே காப்புரிமை பெற்றவர் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃப்ரெட் பூச்சி. கார் டர்போவின் சக்கரங்கள் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கும் மேல் சுழலும். அழுத்தம் எல்லை மீறாமல் இருக்க ஒரு வால்வு திறந்து, கொஞ்சம் புகையை வேறு வழியில் அனுப்பிவிடும். அந்த வால்வு சற்றுத் தாமதமாகத் திறந்தால் டர்போ இன்னும் வேகமாகச் சுற்றும், காற்றும் கூடும்.

இப்போது கம்ப்யூட்டருக்கு வருவோம். ஆர்32-இன் கம்ப்யூட்டரில் 16 வரிசை, 16 நிரல் கொண்ட அட்டவணைகள் இருக்கின்றன. பெருக்கிப் பாருங்கள், 256 கட்டங்கள். ஒரு பக்கம் இன்ஜின் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்பது. மறுபக்கம் எவ்வளவு காற்று வந்திருக்கிறது என்பது. இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் ஓர் எண் இருக்கும். ஓர் அட்டவணை எவ்வளவு பெட்ரோல் தெளிக்க வேண்டும் என்று சொல்லும். இன்னொன்று எப்போது தீப்பொறி வர வேண்டும் என்று சொல்லும். அன்றைய மெக்கானிக்குகள் கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்து மெமரி சிப்பையே மாற்றினார்கள். இன்றைய கார்களில் ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள சாக்கெட்டில் லேப்டாப்பை இணைத்தே பெரும்பாலும் எண்களை மாற்றிவிடலாம். டர்போ வால்வைத் திறப்பதும் இப்போது கம்ப்யூட்டரின் பொறுப்பு.

இதில் மிக நுட்பமானது தீப்பொறியின் நேரம். 6000 சுற்று வேகத்தில் ஒரு சுற்றுக்கு ஒரு நொடியின் நூறில் ஒரு பங்குதான் கிடைக்கும். தீ பரவவும் நேரம் வேண்டுமே! அதனால் பிஸ்டன் உச்சிக்கு வருவதற்குச் சற்று முன்பே பொறி வைக்க வேண்டும். நீங்கள் ஊஞ்சல் தள்ளும்போது, அது உங்களை நோக்கி வந்துகொண்டிருக்கையிலேயே தள்ளினால் என்ன ஆகும்? ஊஞ்சல் தடைபடும், உங்கள் கையும் வலிக்கும். பொறி மிகவும் முந்தினால் மேலே ஏறும் பிஸ்டனுக்கும் அதே கதிதான். பிந்தினால் பலம் வீண்.

அழுத்தத்தைக் கூட்டும்போது ஆபத்தும் கூடுகிறது. அழுத்திய காற்று சூடாகும். சூடு மிகுந்தால், தீ வந்து சேரும் முன்பே மூலையில் இருக்கும் பெட்ரோல் கலவை தானாகவே வெடிக்கும். உள்ளே யாரோ சுத்தியலால் தட்டுவதுபோல் சத்தம் வரும். மெக்கானிக்குகள் இதை நாக்கிங் என்பார்கள். தொடர்ந்து நடந்தால் பிஸ்டன் உடைந்துபோகும். அதனால் இன்ஜின் மேல் அதிர்வைக் கேட்கும் சென்சார்கள் இருக்கின்றன. தட்டல் கேட்டதும் கம்ப்யூட்டர் பொறியைச் சற்றுத் தாமதப்படுத்தும். நல்ல ரீமேப்பிங் நிபுணர் காரை உருளைகள் மேல் ஏற்றி, நிறுத்திய இடத்திலேயே ஓடவிட்டு, ஒவ்வொரு கட்டமாகச் சோதிப்பார். அழுத்தம் மிகும் கட்டங்களில் பெட்ரோலைக் கூட்டுவார். உள்ளே சூடு தணியும். பொறியைப் பின்தள்ளுவார்.

ஆர்32-இல் இன்னோர் எல்லையும் உண்டு. டர்போவில் புகை சுழற்றும் சக்கரத்தைச் செராமிக்கில் செய்திருந்தார்கள். செராமிக் எடை குறைவு, அதனால் சட்டென வேகம் பிடிக்கும். ஆனால் எளிதில் உடையும். பேராசையில் அழுத்தத்தை ஏற்றியவர்களின் டர்போ சக்கரங்கள் நொறுங்கிப்போயின. அதிகச் சக்தி வேண்டியவர்கள் உலோகச் சக்கரம் உள்ள டர்போவைப் பொருத்திய பிறகே எண்ணில் கை வைத்தார்கள்.

காரை வடிவமைப்பவர்கள் கொஞ்சம் பலத்தை ஏன் விட்டுவைக்கிறார்கள் என்பது இப்போது புரிகிறதா? கொளுத்தும் வெயில், தரம் குறைந்த பெட்ரோல், நீண்ட மலையேற்றம் எல்லாவற்றிலும் இன்ஜின் பல ஆண்டுகள் உழைக்க வேண்டும். புகையும் சட்டம் விதித்த அளவுக்குள் இருக்க வேண்டும். கூட்டிய வேகத்தை பிரேக்கும் கிளட்சும் தாங்க வேண்டும். எண்ணை மாற்ற ஒரு நிமிடம் போதும். அந்த எண்ணை உலோகம் தாங்குமா என்று அறியத்தான் இயற்பியலும் பொறுமையும் தேவைப்படுகின்றன.

உங்களுக்கு ஒரு வேலை. வீட்டில் உள்ள ஸ்கூட்டர் எத்தனை சிசி என்று கேளுங்கள். 110 சிசி என்றால் 0.11 லிட்டர். 6000 சுற்றில் அது நொடிக்கு எத்தனை லிட்டர் காற்றை உறிஞ்சும்? 50-ஆல் பெருக்குங்கள். விடை 5.5 லிட்டர் என்று வந்தால், ஓர் இன்ஜின் பொறியாளர் போடும் முதல் கணக்கை நீங்களும் போட்டுவிட்டீர்கள்.