குறட்டை விடும் குழந்தையும் பற்சீரமைப்பு மருத்துவரும்

உறக்கத்தில் மூச்சு அடிக்கடி தடைப்படும் குழந்தைகள் பெரும்பாலும் குறட்டை விடுவர், வாயால் சுவாசிப்பர், பகலில் கவனம் குன்றுவர். மேல்தாடை குறுகியிருப்பதையும் கீழ்த்தாடை பின்தங்கியிருப்பதையும் பற்சீரமைப்பு மருத்துவர் கண்டறிவார். எனினும், இந்நோயை உறுதிசெய்வது இரவு உறக்கப் பரிசோதனையே. ஆகவே, முதலில் குடும்ப மருத்துவரை அணுகி, சிறப்பு மருத்துவருக்கான பரிந்துரைக் கடிதம் பெறவும்.

டான்சில், அடினாய்டு வீக்கமே காரணமெனில், அவற்றை அகற்றும் அறுவைச் சிகிச்சையே வழக்கமான முதல் வழி. மேல்தாடை குறுகிய குழந்தைகள் சிலருக்கு, அதனை மெல்ல விரிக்கும் கருவி துணைச் சிகிச்சையாக அமையலாம்.

அவுஸ்திரேலிய அரசின் சிறுவர் பல்நலத் திட்டம் பற்சீரமைப்புச் செலவை ஏற்பதில்லை. எனவே, சிகிச்சைக்கு ஒப்பமிடுமுன் பரிசோதனை முடிவையும் எழுத்துமூலக் கட்டண மதிப்பீட்டையும் கேட்டுப் பெறவும். தொலைபேசியில் தமிழ் உரைபெயர்ப்பாளரை நாட: 131 450.