வண்டி உதறுகிறதா? முதலில் பிளக்கைப் பாருங்கள்!

தோட்டத்திலேயே குடியிருந்த காலத்தில் கார் என்பது துரைக்கும் கிராணிக்கும் உரிய சாமான். நமக்கு லயத்து வாசலில் இறங்கினால் பெரட்டுக்களம். கூப்பிடு தூரத்தில் ஆயாக் கொட்டகை. இன்று அப்படியா இருக்கிறது? தோட்டம் துண்டாடப்பட்டு, வீட்டைக் காலி செய்து, டவுன் ஓரத்து மலிவு விலை வீடுகளுக்குப் போன குடும்பங்கள் எத்தனை! வீடு டவுனில், வேலை மட்டும் இன்னும் காட்டில். நடுவில் ஓடுவது ஒரு பழைய காடி. அது காலையில் நின்றுவிட்டால் அன்றைய பேர் போச்சு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியிலிருந்து 1,700 வெள்ளி. வேலைச் சட்டப்படி மாதச் சம்பளத்தை 26ஆல் வகுத்தால் ஒரு நாள் சம்பளம் 65 வெள்ளி 38 காசு வருகிறது. சாதாரண நிக்கல் பிளக் நான்கும் அந்தப் பணத்துக்குள்ளேயே அடங்கிவிடும். ஒரு பிளக் கெட்டு ஒரு நாள் வேலை போவது நியாயமா, சொல்லுங்கள்! நடுச்சாமத்தில் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதும் இதே வண்டிதான். அதற்கு எந்தக் கணக்கும் கிடையாது.

நம்மவர் வாசல்களில் நான் அதிகம் பார்ப்பது பழைய புரோட்டோன் சாகாவும் இஸ்வாராவும்தான். சாகா வெளிவந்தது 1985 ஜூலையில். ஆளுக்கு ஆள் கைமாறி இன்னும் ஓடுகிறது என்றால், வீட்டில் வைத்தே கழற்றிப் பூட்டலாம் என்பதும் ஒரு காரணம். இந்தக் கட்டுரை அந்த வண்டிக்காரர்களுக்கு.

பேட்டரியில் இருப்பது 12 வோல்ட். காயில் அதை 20,000 வோல்ட்டுக்கு மேலேயும் ஏற்றி டிஸ்ட்ரிபியூட்டருக்கு அனுப்புகிறது. அதற்குள்ளே சுழலும் ரோட்டர், மண்டோர் ஆள் பிரித்து நிரை காட்டுகிற மாதிரி, ஒவ்வொரு பிளக்குக்கும் அதனதன் முறை வரும்போது மின்சாரத்தைக் கொடுக்கிறது. சாகாவில் அந்த வரிசை 1, 3, 4, 2. வாயர் வழியாகப் போய் பிளக் முனையில் பொறி விழ, பெட்ரோல் எரிகிறது. இந்தப் பாதையில் எங்கே ஓட்டை விழுந்தாலும் வண்டி உதறும், இழுக்காது, பெட்ரோலைக் குடிக்கும். மழை பெய்த மறுநாள் காலையில் மட்டும் தகராறு செய்தால், பெரும்பாலும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியிலோ வாயரிலோ வெடிப்பு விட்டு ஈரம் புகுந்திருக்கும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, போனட்டைத் திறந்து, எஞ்சினை ஓடவிட்டு எட்டி நின்று பாருங்கள். வாயரைச் சுற்றி மினுக் மினுக்கென்று நீலப் பொறி தெரிந்தால் மின்சாரம் அங்கே ஒழுகுகிறது. கையை மட்டும் கொண்டு போகாதீர்கள். இருதயத்துக்குக் கருவி வைத்திருப்பவர்கள் கிட்டேயே வர வேண்டாம். ஓடுகிற எஞ்சினில் ஒவ்வொரு வாயராகப் பிடுங்கி எது செத்தது என்று பார்க்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. விட்டுவிடுங்கள்! ஆளையும் அடிக்கும், காயிலையும் கெடுக்கும்.

இனி வேலைக்கு வருவோம். எஞ்சின் நன்றாக ஆறட்டும். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி வையுங்கள். வாயரை இழுக்கும்போது அதன் ரப்பர் தலையைப் பிடித்துத் திருகி இழுக்க வேண்டும். நடுவில் பிடித்து இழுத்தால் உள்ளே இருக்கிற கரிநூல் அறுந்துவிடும், வெளியே தெரியாது. ஒரு வாயரைக் கழற்றி, அந்த ஒரு பிளக்கை மாற்றி, வாயரைத் திரும்பப் பூட்டிய பிறகுதான் அடுத்ததுக்குப் போக வேண்டும். நான்கையும் மொத்தமாகப் பிடுங்கிவிட்டு, “எது எங்கண்ணே இருந்துச்சு?” என்று முழிப்பவர்களை எத்தனையோ தடவை பார்த்தாயிற்று. மாற்றிப் பூட்டினால் வண்டி பட்டார் பட்டாரென்று வெடிக்கும்.

பிளக்கைத் திருகும் முன்னே, அதைச் சுற்றியுள்ள மண்ணைச் சைக்கிள் பம்பால் ஊதிவிடுங்கள். இல்லாவிட்டால் அந்தச் செம்மண் நேரே சிலிண்டருக்குள் விழும். இதற்கு 13/16 அங்குலப் பிளக் சாவி வேண்டும்.

கழற்றிய பிளக்கை உடனே வீசிவிடாதீர்கள். எஞ்சினுக்குள் நடப்பதை அது சொல்லும். முனை வெளிர்ப் பழுப்பாக இருந்தால் எஞ்சின் சுகம். காய்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் கூடுதலாகப் போகிறது. ஏர் பில்டரையும் சோக்கையும் பாருங்கள். எண்ணெய் வழிந்து ஈரமாக இருந்தால் ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்திருக்கும். அதற்குப் புதுப் பிளக் போட்டு ஒன்றும் ஆகாது, நாலு நாளில் அதுவும் நனையும். வெள்ளை வெளேரென்று வெந்திருந்தால் எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகிறது. பீங்கானில் மயிரிழை வெடிப்பு இருந்தாலும் குப்பைக்குத்தான்.

கடையில் கேட்டு வாங்கும்போது பிளக்கின் மேல் இருக்கும் எழுத்தைப் படியுங்கள். என்.ஜி.கே. பிளக்கில் ‘பி.பி.ஆர்.6.இ.எஸ்.’ என்று போட்டிருந்தால், அந்த 6தான் முக்கியம். அது சூட்டின் எண். இந்தக் கம்பெனியில் எண் ஏற ஏறப் பிளக் சூட்டைச் சீக்கிரம் வெளியே தள்ளும். வேறு சில கம்பெனிகளில் இது தலைகீழ். ஆகையால் ஒரு கம்பெனியின் எண்ணை வைத்து இன்னொன்றை வாங்கக் கூடாது. உங்கள் வண்டிப் புத்தகத்தில் உள்ளதையே கேளுங்கள். கடைசியில் 11 என்றிருந்தால் முனை இடைவெளி 1.1 மில்லிமீட்டர். பெரிய கம்பெனிகளின் பெயரில் போலிப் பிளக்கும் சந்தையில் உலவுகிறது. பாதி விலைக்குக் கிடைக்கிறதே என்று பசார் மாலாமில் வாங்கிவிடாதீர்கள்.

இடைவெளியைப் பீலர் கேஜ் வைத்து அளக்க வேண்டும். கூட்டவோ குறைக்கவோ வேண்டுமானால் பக்கத்துக் கொக்கியை மட்டும் மெல்ல வளையுங்கள்; நடு முனையைத் தொடாதீர்கள். இந்தக் கேஜும் பிளக் சாவியும் வீட்டுக்கு வீடு தேவையில்லை. ஒரு வரிசை வீட்டுக்காரர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஒரு செட் வாங்கி வைத்தால் போதாதா?

பூட்டுவதில்தான் பலர் கெடுப்பது. எஞ்சின் தலை அலுமினியம், மெதுவான உலோகம். பிளக்கை வெறுங்கையால்தான் முதலில் திருக வேண்டும். விரல் எட்டவில்லை என்றால், ஒரு துண்டு ரப்பர் டியூப்பைப் பிளக்கின் மண்டையில் செருகித் திருகுங்கள். கோணலாகப் போனால் டியூப் வழுக்கும், மரை பிழைக்கும். கையால் முட்டும்வரை திருகிய பிறகு, புதுப் பிளக்குக்குச் சாவியால் அரைச் சுற்று. பழையதைத் திரும்பப் போட்டால் கொஞ்சம் அசைத்தாலே போதும். சாவிக்குப் பைப் போட்டு நெம்புகிற வீரம் இங்கே வேண்டாம். மரை போனால் தலையையே கழற்றும்படி ஆகலாம்.

டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். பென்சிலால் கோடு கிழித்த மாதிரி கறுப்பாக ஒரு தடம் தெரிந்தால், மின்சாரம் அந்த வழியே ஓடிப் பழகிவிட்டது. துடைத்தாலும் சுரண்டினாலும் திரும்ப வரும். மூடியை மாற்றுங்கள், கூடவே ரோட்டரையும். புது மூடியைப் பழையதன் பக்கத்தில் அதே திசையில் பிடித்துக்கொண்டு வாயர்களை ஒவ்வொன்றாக இடம் மாற்றினால் வரிசை குழம்பாது. ஒரு ஆள் டார்ச் பிடிக்க வேண்டும். வீட்டுப் பெண்பிள்ளைகளைக் கூப்பிடுங்கள். டார்ச் பிடித்த பிள்ளை அடுத்த தடவை தானே சாவியைப் பிடிக்கும்.

டட்சன் 120ஒய் மாதிரி அதைவிடப் பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்குப் பாயிண்ட்டும் கண்டென்சரும் உண்டு. பாயிண்ட் இடைவெளி சுமார் 0.5 மில்லிமீட்டர். ஆனால் பாயிண்ட்டை மாற்றினால் டைமிங்கும் நகரும். டைமிங் லைட் இல்லாதவர்கள் அந்த வேலையைப் பட்டறைக்கே விட்டுவிடுவது நல்லது. மைவி போன்ற பின்னால் வந்த வண்டிகளில் டிஸ்ட்ரிபியூட்டரும் கிடையாது, வாயரும் கிடையாது. ஒவ்வொரு பிளக்கின் மேலும் ஒரு காயில் உட்கார்ந்திருக்கும். எஞ்சினை நிறுத்திவிட்டுச் சந்தேகப்படும் காயிலைப் பக்கத்து இடத்துக்கு மாற்றுங்கள். கோளாறும் கூடவே போனால் அந்தக் காயில்தான் குற்றவாளி.

வண்டி உதறிக்கொண்டே ஓடினால், “ஓடுதுல்ல, சம்பளம் வந்ததும் பாத்துக்கலாம்” என்று இருக்காதீர்கள். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரைக் கழுவிக்கொண்டு எஞ்சின் எண்ணெயில் கலக்கும். புகைக்குழாயில் கெட்டலிட்டிக் கன்வெர்ட்டர் உள்ள வண்டியில் அதையும் எரித்துவிடும். பிளக் செலவு எஞ்சின் செலவாக மாறுவது இப்படித்தான்.

பட்டறைக்காரரை நான் குறை சொல்லவில்லை. அவரும் கைப்பாடு பட்டுத்தான் சாப்பிடுகிறார். ஆனால் அங்கே வண்டியை விட்டால், கழற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்குங்கள். “அண்ணே, பழைய பிளக்கைக் கொடுங்க, பார்க்கணும்” என்று மரியாதையாகக் கேட்டால் நல்ல பட்டறையில் கோபிக்க மாட்டார்கள். பில்லில் எழுதியது மாறியிருக்கிறதா என்று அப்போது தெரிந்துவிடும்.

மாற்றிய தேதியையும் மைல் கணக்கையும் ஒரு தாளில் எழுதிப் போனட்டுக்குள் ஒட்டி வையுங்கள். நிக்கல் பிளக்கை 20,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை மாற்றுவது வழக்கம். கழற்றியதில் நல்லதாக ஒன்றிரண்டு இருந்தால் துணியில் சுற்றி, பிளக் சாவியோடு சீட்டுக்கு அடியில் போட்டு வையுங்கள்.