ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோ எவ்வளவு தூரம்?

பின்லாந்தின் தலைநகர் ஹெல்சிங்கி. ஜப்பானின் தலைநகர் டோக்கியோ. வகுப்பறைச் சுவரில் தொங்கும் உலகப் படத்தில் இவ்விரண்டையும் அளவுகோல் வைத்து இணைத்துப் பாருங்கள். கோடு தென்கிழக்காகச் சரிந்து செல்லும். அதுதான் குறுக்கு வழி என்று எண்ணிவிடாதீர்கள்!

இப்போது ஓர் உலக உருண்டையையும் சிறிது நூலையும் எடுத்துக்கொள்ளுங்கள். நூலின் முனைகளை இவ்விரு நகரங்களிலும் வைத்து இறுக்கிப் பிடியுங்கள். நூல் வடகிழக்கே ஏறி, ஆர்க்டிக் வட்டத்தை எட்டிப் பார்த்துவிட்டு, சைபீரியாவின் குறுக்கே இறங்குகிறதல்லவா? இதற்குப் பெருவட்டப் பாதை என்று பெயர். நீளம் சுமார் 7,820 கிலோமீட்டர். சுவர்ப்படம் மெர்க்கேட்டர் முறையில் வரையப்பட்டதானால், அதில் கிழித்த கோட்டின் வழியே செல்வது ஏறத்தாழ 900 கி.மீ. கூடுதல். உருண்டையைத் தட்டையாக்கும்போது வடபகுதிகள் அகலமாக இழுக்கப்பட்டுவிடுவதே காரணம்.

ஜெட் விமானத்தின் வேகம் மணிக்குச் சுமார் 900 கி.மீ. வகுத்துப் பார்த்தால் எட்டே முக்கால் மணி நேரம் வரும். ஓடுபாதையில் ஊர்வது, மேலேறுவது, இறங்குவது எல்லாம் சேர்ந்து ஒன்பதரை மணி.

ஆனால் நாடுகளின் வான் எல்லை நூலுக்குத் தெரியாது. இந்தப் பாதையின் பெரும்பகுதி ரஷ்யாவின் மேல் செல்கிறது. சோவியத் காலத்தில் அந்த வழி மேற்கு ஐரோப்பிய விமானங்களுக்கு எளிதில் கிடைக்கவில்லை. 1983-இல் ஃபின்ஏர் நிறுவனம் ஹெல்சிங்கியிலிருந்து வடதுருவத்தைச் சுற்றி, இடையில் எங்கும் இறங்காமல் டோக்கியோ சென்றது. பயணம் சுமார் 13 மணி நேரம். பிற்பாடு சைபீரிய வழி திறந்தது. நேரம் ஒன்பதரை மணியாகச் சுருங்கியது. 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் மூண்டது. ஐரோப்பிய நாடுகளும் ரஷ்யாவும் ஒருவர் விமானத்துக்கு மற்றவர் வான்வெளியை மூடினார்கள். மார்ச் மாதம் ஃபின்ஏர் விமானம் மறுபடி துருவத்தின் மேல் பறந்தது. மறுபடி 13 மணி நேரம்!

நீங்களே கணக்கிடலாம். ஹெல்சிங்கியிலிருந்து துருவம் சுமார் 3,300 கி.மீ.; அங்கிருந்து பெரிங் நீரிணை 2,700; அங்கிருந்து டோக்கியோ 4,700. ஆக 10,700 கி.மீ. ரஷ்யக் கரையை விட்டு விலகிச் செல்ல இன்னும் கொஞ்சம் சேரும். மத்திய ஆசியா, சீனா வழியாகத் தெற்கே சுற்றியும் போகலாம். எந்தப் பக்கம் செல்வது என்பதை அன்றன்றைய காற்றும் தீர்மானிக்கும்.

நேரத்தைவிட எரிபொருள்தான் பெரிய தொல்லை. மூன்றரை மணி நேரத்துக்கான கூடுதல் எரிபொருளைச் சுமக்கவே கொஞ்சம் எரிபொருள் செலவாகும். அந்த எடைக்குச் சரக்கைக் குறைக்கவும் நேரும். துருவத்தருகே காந்த ஊசியை நம்ப முடியாது. செயற்கைக்கோள்களும் சுழல்மானிகளுமே வழிகாட்டும். ஜெட் எரிபொருள் சுமார் மைனஸ் 47 டிகிரி செல்சியசில் உறையத் தொடங்கும். வெளியே குளிர் அதைவிடக் கடுமையாக இருக்கக்கூடும். ஆகவே விமானி தொட்டியின் வெப்பநிலையைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். குளிர்ந்துகொண்டே போனால் உயரத்தைக் குறைப்பார், அல்லது வேகத்தைக் கூட்டுவார்.

கடிகாரத்தின் கதை வேறு. குளிர்காலத்தில் டோக்கியோ ஹெல்சிங்கியைவிட 7 மணி நேரம் முந்தியது. மாலை 5 மணிக்குப் புறப்படும் பயணி 13 மணி நேரம் பறந்து இறங்கும்போது அங்கே மறுநாள் பகல் 1 மணி. சாப்பாட்டு வேளைதான். ஆனால் அவர் வயிற்றுக்கு மட்டும் அப்போது விடியற்காலை 6 மணி!