பார்ட்டிக்கு வேன், பஸ் புக் பண்றீங்களா? கிலோமீட்டர் ரேட்டை மட்டும் பார்த்து அட்வான்ஸ் அனுப்பாதீங்க

நண்பன் கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு பேச்சிலர் ட்ரிப், அப்பா அம்மாவோட அறுபதாம் கல்யாணத்துக்குச் சொந்தக்காரங்களை ஏத்திக்கிட்டு திருக்கடையூர், காலேஜ் பேட்ச் ரீயூனியன். காரணம் எதுவா இருந்தாலும் கடைசியில ஒருத்தர் தலையில வந்து விழற வேலை ஒண்ணு இருக்கு: வண்டி பேசுறது. அந்த ஒருத்தர் நீங்கதான்னா இந்தப் பதிவு உங்களுக்கு.

பொதுவா என்ன நடக்கும்? நாலு டிராவல்ஸுக்கு வாட்ஸ்அப் போவோம். "கிலோமீட்டருக்கு எவ்வளவு?"னு கேட்போம். ஒரு ரூபாய் கம்மியா சொன்னவருக்கு அட்வான்ஸ் போயிடும். ஆனா பில் எகிறுறது அந்த ஒரு ரூபாய்ல இல்ல. நாள் கணக்குல.

நாள்னா எது நாள்?

டூரிஸ்ட் வேனுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுன்னு மினிமம் கிலோமீட்டர் வைப்பாங்க. 250, 300 ரொம்ப சகஜம். வண்டி ஓடலைன்னாலும் அந்தக் காசு கட்டணும். இதுல தப்பு இல்ல, வண்டியும் டிரைவரும் உங்களுக்காகத்தானே நிக்குறாங்க. கேட்க வேண்டிய கேள்வி, அந்த "நாள்" எப்போ தொடங்கி எப்போ முடியுதுங்கிறதுதான். சிலர் 24 மணி நேரத்தை ஒரு நாள்னு வைப்பாங்க. பலர் ராத்திரி 12 மணிக்கு நாளை மாத்திடுவாங்க.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். சென்னையிலிருந்து ஏற்காடு, 18 பேர், 20 சீட் ஏசி வேன். போக வர, மேல சுத்த, ஷெட்டிலிருந்து பிக்கப் இடம் வரைக்கும் எல்லாம் சேர்த்து 840 கிலோமீட்டர்னு வைங்க. கிலோமீட்டருக்கு 30 ரூபாய், மினிமம் 300, டிரைவர் பேட்டா நாளைக்கு 1,000. இதெல்லாம் கணக்குக்காக நான் எடுத்துக்கிட்ட ரேட், உங்க ஊர்ல, உங்க சீசன்ல வேற இருக்கும்.

வெள்ளிக்கிழமை ராத்திரி 10 மணிக்குக் கிளம்பி, திங்கள் அதிகாலை 1 மணிக்குத் திரும்புறீங்க. உங்க மனசுல இது ரெண்டு நாள் ட்ரிப். 12 மணிக் கணக்குல வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள்னு நாலு நாள். நாலு முந்நூறு 1,200 கிலோமீட்டர், 36,000 ரூபாய். பேட்டா 4,000. மொத்தம் 40,000.

அதே ட்ரிப்பை சனிக்கிழமை காலை 4 மணிக்கு ஆரம்பிச்சு ஞாயிறு ராத்திரி 11 மணிக்கு முடிச்சா ரெண்டே நாள். மினிமம் 600தான், ஓடினது 840, அதனால ஓடின கிலோமீட்டருக்கே காசு: 25,200. பேட்டா 2,000. மொத்தம் 27,200.

வித்தியாசம் 12,800. தலைக்கு 711 ரூபாய். வண்டியும் அதே, ரேட்டும் அதே. இந்த அளவுக்கு எந்த டிராவல்ஸ்காரர்கிட்டயும் பேரம் பேசி வாங்க முடியாது. பகல் முழுக்க வேற சவாரி ஓட்டிட்டு வந்த டிரைவரை ராத்திரி 10 மணிக்கு சேலம் ரோட்டுல ஓட்டச் சொல்றதும் இதுல தவிர்க்கப்படுது.

டோல், பார்க்கிங், மலை ஏற தனிச் சார்ஜ், வேற மாநிலம்னா பர்மிட் செலவு, ராத்திரி பேட்டா இதெல்லாம் ரேட்டுக்குள்ளயா வெளியிலயான்னு முதல்லயே எழுத்துல வாங்கிடுங்க. டோலுக்கு ஃபாஸ்டேக் மெசேஜ் காட்டச் சொல்லுங்க. குத்துமதிப்பா ஒரு ரவுண்டு தொகை சொன்னா ஒத்துக்காதீங்க. ஊட்டி, கொடைக்கானல்னா 2024 மேயிலிருந்து இ-பாஸ் வேணும், அதை யார் எடுக்கிறாங்கன்னும் கேட்டுக்கங்க.

ஜிஎஸ்டி போடுறாரா? நம்பரைப் பாருங்க

டீசலோட சேர்த்து வண்டியை வாடகைக்கு விட்டா ஜிஎஸ்டி ரெண்டு விதமா வரும். உள்ளீட்டு வரி சலுகையைப் பெரும்பாலும் விட்டுட்டு 5 சதவீதம், அல்லது அந்தச் சலுகையை எடுத்துக்கிட்டு 18 சதவீதம். இது 2025 செப்டம்பர் 21 வரைக்கும் 12ஆ இருந்தது. குடும்பமா, நண்பர்களா போறவங்களுக்கு அந்த வரியைத் திரும்ப எடுக்க வழியில்ல. அதனால 5 போடுறவர்தான் உங்களுக்கு லாபம்.

அதைவிட முக்கியம், ரிஜிஸ்டர் பண்ணாத ஒருத்தர் ஜிஎஸ்டின்னு சொல்லி உங்ககிட்ட ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. வருஷ வரவு 20 லட்சத்துக்குள்ள இருக்கிற சின்ன டிராவல்ஸ்காரர் ரிஜிஸ்டர் பண்ணத் தேவையில்ல, அது அவர் தப்பும் இல்ல. ஆனா நம்பர் இல்லாம பில்லுல ஜிஎஸ்டின்னு ஒரு வரி இருந்தா, அது வரி இல்ல, அவர் பாக்கெட்டுக்குப் போற காசு. ஜிஎஸ்டி நம்பர் 15 இலக்கம், தமிழ்நாடுன்னா 33ல ஆரம்பிக்கும், புதுச்சேரின்னா 34. ஜிஎஸ்டி போர்ட்டல்ல லாகின் இல்லாமலே அந்த நம்பரைத் தேடிப் பார்க்கலாம், அரை நிமிஷ வேலை.

வெள்ளை போர்டு வண்டி

"தெரிஞ்சவர் வண்டி, ஓன் போர்டு, மூவாயிரம் கம்மி." இந்த வசனத்தை எல்லாரும் கேட்டிருப்பீங்க. நான் இந்த விஷயத்துல கொஞ்சம் கறார்.

வாடகைக்கு ஓடுற வண்டிக்கு மஞ்சள் பலகையில கறுப்பு எழுத்து இருக்கணும். வெள்ளைப் பலகை வண்டி சொந்த உபயோகத்துக்கு மட்டும். பர்மிட் இல்லாம வாடகைக்கு ஓட்டினா 10,000 ரூபாய் அபராதமும் ஆறு மாசம் வரை சிறையும் சட்டத்துல இருக்கு. அது ஓனர் பிரச்சினைன்னு நீங்க நினைக்கலாம். உங்க பிரச்சினை இன்ஷூரன்ஸ். சொந்த உபயோக பாலிசியில, வண்டியை வாடகைக்கு விட்டா பொறுப்பில்லைன்னு எழுதியிருக்கும். பர்மிட் இல்லாம வாடகைக்கு ஓடினதைக் காரணம் காட்டி கம்பெனி பொறுப்பை மறுக்க மோட்டார் வாகனச் சட்டமே இடம் கொடுக்குது. சில வழக்குகள்ல "முதல்ல நீ கொடு, அப்புறம் ஓனர்கிட்ட வசூல் பண்ணிக்கோ"ன்னு கோர்ட் சொல்லியிருக்கு. ஆனா அதை நம்பி 18 குடும்பத்தை வண்டியில ஏத்த முடியாது. விபத்துல கை கால் போனவருக்கு வர வேண்டிய இழப்பீட்டை, ஒரே ஒரு வேன் மட்டும் சொத்தா வச்சிருக்கிற ஓனர்கிட்ட இருந்து வாங்குறது எவ்வளவு வருஷ வேலைன்னு யோசிச்சுப் பாருங்க.

சீட் கணக்கும் இதே மாதிரிதான். 17 சீட் வண்டியில 23 பேர் ஏறினா, கூடுதல் ஆளுக்கு 200 ரூபாய் அபராதம், இறக்கி விட்டுட்டுத்தான் வண்டி நகரணும். அது சின்ன விஷயம். 42 பேருக்கு அனுமதி உள்ள பஸ்ஸில சுமார் 90 பேர் போய் விபத்தான வழக்குல, 42 பேர் அளவுக்குத்தான் இன்ஷூரன்ஸ் கம்பெனி பொறுப்புன்னு 2007ல உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. மிச்சம் ஓனர் பாடு. "குழந்தைங்கதானே, மடியில உட்காரட்டும்"னு சொல்றதுக்கு முன்னாடி இதை ஞாபகம் வச்சுக்கங்க.

வண்டி நம்பர் கிடைச்சதும் எம்பரிவாகன் ஆப்ல போட்டுப் பாருங்க. எஃப்சி, இன்ஷூரன்ஸ் எதுவரைக்கும் இருக்குன்னு தெரியும். பர்மிட்டையும் பாருங்க. போட்டோவுல புது வண்டி, வாசல்ல பழைய வண்டின்னு வர்ற ஏமாத்து வேலைக்கும் இதுதான் மருந்து. "இந்த நம்பர் வண்டி, மாறினா அட்வான்ஸ் முழுசா திரும்ப"ன்னு மெசேஜ்ல ஓகே வாங்குங்க. அட்வான்ஸும் 10, 20 சதவீதத்துக்கு மேல வேண்டாம். தராம இழுத்தடிச்சா 1915 நுகர்வோர் ஹெல்ப்லைன் இருக்கு. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல 5 லட்சம் வரையிலான விஷயத்துக்கு மனுக் கட்டணமே கிடையாது.

லைட்டு, பாட்டு, பாட்டில்

டிஸ்கோ லைட், பெரிய ஸ்பீக்கர் வச்ச பஸ்தான் வேணும்னு பசங்க கேட்பாங்க. 2022 அக்டோபர்ல கேரளா வடக்கஞ்சேரியில, ஸ்கூல் பசங்களை ஊட்டிக்குக் கூட்டிட்டுப் போன டூரிஸ்ட் பஸ் அரசு பஸ் மேல மோதி 9 பேர் இறந்தாங்க. அதுக்கப்புறம் அங்க இந்த அலங்கார பஸ்கள் மேல பெரிய கெடுபிடி வந்தது. கேரளா பக்கம் போறீங்கன்னா நடுவழியில வண்டி நிக்கிற ரிஸ்க் உங்களுக்கு.

பாண்டிச்சேரி போறவங்களுக்கு: அங்க விலை கம்மின்னு பெட்டி பெட்டியா ஏத்திட்டு வந்தா, தமிழ்நாட்டு மதுவிலக்குச் சட்டப்படி வண்டியையும் பறிமுதல் பண்ணலாம். வண்டி ஸ்டேஷன்ல நிக்கும்போது ஓனர் நஷ்டத்தை உங்ககிட்டதான் கேட்பாரு.

வசூல் பத்தி நிறைய பேர் கேட்கிறீங்க. 18 பேர் ஜிபேல அனுப்புற பங்கு உங்க வருமானம் இல்ல, அவங்க செலவுக்கு அவங்க தர்ற காசு. ஒரு ஷீட்டும் பில்லும் வச்சுக்கிட்டா போதும். வசூல் பண்ணும்போதே எல்லார்கிட்டயும் பிரதமர் சுரக்ஷா பீமா இருக்கான்னு கேட்டுடுங்க. 18லிருந்து 70 வயசு வரை, பேங்க் மூலமா வருஷம் 20 ரூபாய், விபத்து மரணத்துக்கு 2 லட்சம். 18 பேருக்கும் சேர்த்து 360 ரூபாய்.

கடைசியா, ரூம் புக் பண்ணும்போது டிரைவருக்கும் ஒரு கட்டில் சேர்த்து புக் பண்ணுங்க. பல ஊர்ல அவங்க வேனுக்குள்ளயே சுருண்டு படுத்துக்கிறாங்க. டார்மிட்டரியில ஒரு படுக்கைக்கு ஆகிற செலவை 18ஆல வகுத்தா ஒரு டீ காசு கூட அதிகமா வராது. மறுநாள் ஏற்காட்டுல இருந்து அத்தனை கொண்டை ஊசி வளைவுலயும் உங்களை இறக்கப் போறவர் அவர்.