குமிழிக்குள் சூடு தங்குமா, தப்புமா?

சைக்கிளுக்குக் காற்றடித்து முடித்ததும் பம்பின் அடிப்பகுதி சுடும். காற்றை அமுக்கினால் அது சூடாகும். தண்ணீருக்குள் இருக்கும் நுண்ணிய வாயுக் குமிழிமேல் மீயொலி படும்போதும் இதுவே நடக்கிறது. அலையின் அழுத்தம் ஏறும்போது குமிழி சுருங்கிச் சூடாகிறது; இறங்கும்போது விரிந்து குளிர்கிறது. ஆனால் குமிழியைச் சுற்றிலும் தண்ணீர். உள்ளே பிறந்த சூடு அதில் கரைந்துபோக நேரம் கிடைக்கிறதா என்பதைப் பொறுத்தே குமிழியின் குணம் அமைகிறது.

ஓடும் நீரின் ஓசைக்குக் காற்றுக் குமிழிகளின் அதிர்வே காரணம் என்று விளக்கி, அந்த அதிர்வெண்ணுக்கு 1933இல் சூத்திரம் தந்தவர் மார்செல் மின்னார்ட். அதன்படி 1 மி.மீ. ஆரமுள்ள குமிழி நொடிக்குச் சுமார் 3,260 முறை அதிரும். ஓர் அதிர்வுக்குள் வெப்பம் காற்றில் கடக்கும் தூரமோ மில்லிமீட்டரில் நூற்றில் சில பங்குதான். எனவே சூட்டின் பெரும்பகுதி உள்ளேயே அடைபடுகிறது. மின்னார்ட்டும் அப்படித்தான் கணக்கிட்டார்.

1 மைக்ரோமீட்டர் ஆரமுள்ள குமிழி நொடிக்குப் பல லட்சம் முறை அதிர்கிறது. அதிர்வு இவ்வளவு வேகமானாலும் வெப்பம் கடக்க வேண்டிய வழி மிகக் குறுகியது. மையத்திலிருந்து சுவர்வரை எளிதில் எட்டிவிடும். ஆகவே வாயுவின் வெப்பநிலை அதிகம் மாறுவதில்லை. சூடு தங்காததால் அழுத்தமும் அவ்வளவாக ஏறுவதில்லை. சூடு முழுவதும் அடைபட்டால் காற்று காட்டும் விறைப்பு, முழுவதும் வெளியேறும்போது காட்டும் விறைப்பைப்போல் 1.4 மடங்கு.

இந்த இரு எல்லைகளிலும் வெப்பத்தால் ஆற்றல் இழப்பு மிகக் குறைவு. இழப்பெல்லாம் நடுவில்தான். சுருங்கும்போது பிறந்த சூட்டில் ஒரு பகுதி தாமதமாக வெளியேறிவிட்டால், விரியும்போது வாயு தள்ளும் விசை குறைந்துவிடுகிறது. குமிழியை அமுக்கச் செலவிட்டது முழுதாகத் திரும்புவதில்லை. சில பத்து முதல் சில நூறு மைக்ரோமீட்டர் வரையுள்ள காற்றுக் குமிழிகள் தம் இயல்பான அதிர்வெண்ணில் அதிரும்போது, அதிர்வை அடக்குவதில் நீரின் பாகுத்தன்மையையும் வெளியேறும் ஒலியையும் விட இந்த வெப்பக் கசிவுக்கே பங்கு அதிகம்.

வாயுவின் இனமும் முக்கியம். மீயொலி ஸ்கேனில் ரத்த ஓட்டத்தைத் தெளிவாகக் காட்ட நரம்பில் செலுத்தும் நுண்குமிழிகள் சிலவற்றில் சல்ஃபர் ஹெக்ஸாஃபுளோரைடு இருக்கிறது. அதை அமுக்கினால் காற்றைவிட மிகக் குறைவாகவே சூடாகும். ஆகவே சூடு தங்கினாலும் தப்பினாலும் விறைப்பு பெரிதாக மாறாது. ஆர்கான் இதற்கு நேரெதிர். அமுக்கினால் காற்றைவிட அதிகம் சூடேறும்.

இரு எல்லைகளும் ஒரே குமிழியில், ஒரே அலைக்குள் வந்துபோவதும் உண்டு. 1990 வாக்கில் பெலிப் கைத்தானும் லாரன்ஸ் கிரமும் ஆராய்ந்த ஒலியொளிர்வு அத்தகையது. குமிழி நிதானமாக விரியும்போது வாயு தண்ணீரின் வெப்பநிலையிலேயே இருக்கிறது. பிறகு அது நொறுங்கும் கடைசிக் கணத்தில் சூடு தப்ப நேரமே இல்லை. வெப்பநிலை பல ஆயிரம் டிகிரி தாண்டி, ஒளி தெறிக்கிறது. அதனால் குமிழியின் இயக்கத்தைத் தொடக்கம் முதல் முடிவுவரை ஒரே விறைப்பைக் கொண்டு கணக்கிட முடியாது. வெப்பம் ஓடும் வேகத்தையும் கணத்துக்குக் கணம் கூடவே கணக்கிட்டாக வேண்டும்.