விற்பனைத் தொழிலில் வெற்றியும் வருவாய் வேட்கையும்

நமது கல்லூரியினின்று பட்டம் பெற்று வெளியேறும் மாணவருள் ஒரு பகுதியினர் ஆண்டுதோறும் விற்பனைத் தொழிலை மேற்கொள்கின்றனர். அத்தொழிலில் ஓர் இடர்ப்பாடு உண்டு. ஏனைய உத்தியோகங்களில் அஃது அத்துணை வெளிப்படையாகத் தோன்றுவதில்லை. ஆசிரியருக்கும் குமாஸ்தாவுக்கும் மாதச் சம்பளம் வரையறுக்கப்பட்டுள்ளது. விற்பனையாளனுக்கோ வரையறை இல்லை. சென்ற ஆண்டு அவன் ஈட்டியது எத்துணையாயினும், ஏப்ரல் முதல் தேதியன்று அவன் கணக்கு மீண்டும் பூஜ்யத்தினின்றே தொடங்குகின்றது. ஆதலின், ‘யான் வெற்றி பெற்றேன்’ என்று அவன் சொல்லத்தக்க நாள் எது? மேன்மேலும் பொருள் வேண்டுமென உழைப்பவன், தான் இன்னும் வெற்றி பெறவில்லை என்று ஒப்புக்கொண்டவன் ஆகின்றானா? இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். யான் நெடுநாள் பழகிய ஆயுள் இன்ஷூரன்ஸ் தொழிலையே எடுத்துக்காட்டாகக் கொள்வேன்.

முதற்கண், அதிக வருவாயை விரும்புதல் குற்றமன்று என்பதை உணர்தல் வேண்டும். போதுமென்னும் மனத்தைப் போற்றிய நம் முன்னோரே, கடல் கடந்தும் பொருள் தேடுமாறு கூறினர். அமெரிக்க அறிஞர் கானமனும் டீட்டனும் 2010-ம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஆண்டு வருமானம் ஏறக்குறைய 75,000 டாலரைக் கடந்தபின் அன்றாட மகிழ்ச்சி உயர்வதில்லை என்றனர். பின்னர் கில்லிங்ஸ்வர்த் என்பார் அதற்கு மாறான முடிவு கண்டார். இருதரத்தாரும் கூடி ஆராய்ந்து 2023-ல் வெளியிட்ட முடிவு யாதெனில், பெரும்பாலோர்க்கு வருமானம் உயர உயர மகிழ்ச்சியும் உயர்கின்றது. மிகுந்த துயரில் உள்ள சிலர்க்கே அவ்வுயர்வு ஓரெல்லையில் நின்றுவிடுகின்றது என்பதாம். ஆயினும் அவ்வுயர்வு தொகையைப் பொறுத்ததன்று, விகிதத்தைப் பொறுத்தது. பத்தாயிரம் ஈட்டுவோனுக்கு மேலும் பத்தாயிரம் தரும் மகிழ்வை, இலட்சம் ஈட்டுவோன் பெற வேண்டுமாயின் மேலும் ஓர் இலட்சம் வேண்டும். ஆதலின் வருவாயை மட்டும் வெற்றியின் அளவுகோலாகக் கொண்டவன், ஒவ்வொரு படிக்கும் முன்னினும் பெரிய விலை கொடுக்க வேண்டியவனாகின்றான்.

வெற்றியும் வருவாயும் இருவேறு வினாக்களுக்கு உரிய விடைகள். ‘என் கையிலுள்ள வேலையை நன்கு செய்கின்றேனா?’ என்பது முதல் வினா. ‘அவ்வேலைக்கு உலகம் இன்று என்ன விலை தருகின்றது?’ என்பது இரண்டாம் வினா. முதலாவது பெரும்பாலும் நம் வசத்தது. இரண்டாவது மழையையும் சந்தையையும் பிறர் மனத்தையும் பொறுத்தது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதாலேயே குழப்பம் விளைகின்றது.

இதனை ஒரு கணக்கால் விளக்குவேன். 1938-ம் ஆண்டு இன்ஷூரன்ஸ் சட்டத்தின்கீழ் நெடுங்காலம் வழங்கிவந்த கமிஷன் உச்சவரம்பு, முதல் ஆண்டில் பிரீமியத்தில் 100-க்கு 35, அடுத்த ஈராண்டுகளில் 100-க்கு 7½, அதன்பின் 100-க்கு 5 என இருந்தது. 2023-ல் இவ்விதிகள் மாற்றப்பட்டன. எனினும் முதலாண்டில் மிகுதியும் பின்னர்ச் சிறு தொகையும் தரும் முறை விளங்குதற்கு அக்கணக்கே போதும். ஆண்டுப் பிரீமியம் ரூ. 20,000 உள்ள 20 ஆண்டுப் பாலிசி ஒன்றைக் கருதுக. ஏஜெண்டுக்கு முதல் ஆண்டில் ரூ. 7,000, அடுத்த ஈராண்டுகளில் ஆண்டுக்கு ரூ. 1,500, எஞ்சிய 17 ஆண்டுகளில் ஆண்டுக்கு ரூ. 1,000. ஆகமொத்தம் ரூ. 27,000. முதலாண்டில் ஆரவாரமாக வருவது 7,000. பின்னர் ஓசையின்றி வருவதோ 20,000. வாழை ஒரு குலையோடு ஓய்கின்றது. தென்னை ஆண்டாண்டும் காய்க்கின்றது. பாலிசி நிலைத்து நிற்பின் அது தென்னை. ஓராண்டில் காலாவதியாயின் அது வாழை. அதனாலேயே கம்பெனிகள், விற்ற பாலிசிகளுள் எத்துணை 13-ம் மாதத்திலும் 61-ம் மாதத்திலும் உயிரோடிருக்கின்றன என்று அளந்து பார்க்கின்றன.

இவ்வுண்மையை யான் நூலிற் கற்றேனல்லேன். தொழிலில் இறங்கிய சில ஆண்டுகளில், மார்ச் மாதக் கடைசியில் குறித்த இலக்கை எட்டுதற்கு ஒரு பாலிசியே குறைவாக இருந்தது. எனக்கு அறிமுகமான பள்ளி ஆசிரியர் ஒருவர், அவருடைய சம்பளத்துக்குத் தகாத பெரிய பிரீமியத்தில் கையொப்பமிடுமாறு செய்தேன். இலக்கு நிறைவேறியது, மேடையிற் பாராட்டும் பெற்றேன். மறு ஆண்டு அவரால் பணம் கட்ட இயலவில்லை. முதலாண்டில் கட்டிய தொகையும் அவருக்குத் திரும்பவில்லை. அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. கடைத்தெருவில் என்னைக் கண்டபோதெல்லாம் எதிர்ப்புறம் ஒதுங்கி நடந்தார். அதுவே எனக்குப் போதிய தண்டனையாயிற்று. அவ்வாண்டு என் வருவாய் முன்னெப்போதினும் மிகுதி. ஆயினும் அதனை வெற்றி என்று கூற இன்றும் என் நா எழுவதில்லை.

அங்ஙனமாயின், வருவாயைப் பெருக்க நேர்மையான வழி யாது? பிராங்க் பெட்கர் என்னும் அமெரிக்கரின் வரலாறு இதற்கு விடை தரும். 1910-ல் செயின்ட் லூயி கார்டினல்ஸ் என்னும் பேஸ்பால் குழுவில் ஆடியவர் அவர். கையிற் காயமுற்று ஆட்டம் முடிவுற்றபின், தவணைப்பணம் வசூலிக்கும் வேலை பார்த்துப் பின் ஆயுள் இன்ஷூரன்ஸ் விற்கப் புகுந்தார். தொடக்கத்தில் தோல்வியே கண்டார். பின்னர்த் தாம் செய்த சந்திப்புகளையெல்லாம் குறித்துவைத்துக் கணக்கிட்டபோது, தம் விற்பனையில் 100-க்கு 70 முதற் சந்திப்பிலும், 23 இரண்டாம் சந்திப்பிலும், 7 மட்டுமே அதற்கு மேற்பட்ட சந்திப்புகளிலும் முடிந்திருக்கக் கண்டார். அந்த ஏழுக்காகத் தம் காலத்திற் பாதியைச் செலவிட்டு வந்திருந்தார்! உடனே மூன்றாம் சந்திப்பை விடுத்து, அக்காலத்தைப் புதியவரைக் காண்பதிற் செலுத்தினார். ஒரு சந்திப்பின் மதிப்பு 2 டாலர் 80 சென்டிலிருந்து 4 டாலர் 27 சென்டாக உயர்ந்ததென்று தம் நூலிற் கூறுகின்றார். அவர் எவரையும் வற்புறுத்தித் தம் வருவாயைப் பெருக்கவில்லை. தம் வேலையைத் தாமே உற்று நோக்கிப் பெருக்கினார்.

இனி, ஒப்புமை என்னும் நோயையும் கூறுதல் வேண்டும். 1992-ல் பார்சலோனா ஒலிம்பிக் பந்தயங்களில் பரிசு பெற்றோரின் முகக்குறிகளை ஆராய்ந்த உளநூலார், வெண்கலம் பெற்றோர் வெள்ளி பெற்றோரினும் மகிழ்ந்து காணப்பட்டனர் என்று 1995-ல் எழுதினர். வெள்ளி பெற்றவன் தான் இழந்த தங்கத்தை நோக்கினான். வெண்கலம் பெற்றவனோ வெறுங்கையோடு சென்றவனை நோக்கினான் என்பது அவர்கள் கூறும் காரணம். விற்பனை அலுவலகங்களின் சுவரில் தொங்கும் வரிசைப்பட்டியல் நம் அனைவரையும் வெள்ளி பெற்றவராக்கி விடுகின்றது. அடுத்தவன் பெயருக்கு மேல் நம் பெயர் ஏறினும், அதற்கு மேலும் ஒரு பெயர் இருந்தே தீரும்.

ஆகவே, மூன்று கணக்குகளைத் தனித்தனியே வைத்துக்கொள்ளுமாறு கூறுவேன். ஒன்று, இன்று செய்யவேண்டிய சந்திப்புகளைச் செய்தேனா என்பது. இதனை அன்றே முடித்து, நிறைவோடு உறங்கலாம். இரண்டு, யான் விற்றவை வாங்கியோர்க்குப் பயன்பட்டு நிலைத்தனவா என்பது; இதனை ஆண்டுக்கொருமுறை பார்க்கலாம். மூன்று, வருவாய், இதற்கு உயர்ந்த இலக்கு வைக்கலாம், எட்டாவிடின் முறையை மாற்றலாம். முதலிரண்டும் செவ்வையாயிருப்பின் மூன்றாவதன் குறைவு நம்மைத் தோற்றவராக்காது. ஆனால் ஒன்று: குடும்பத்தின் உணவுக்கும் குழந்தைகளின் படிப்புக்கும் போதாத வருவாயை மனத்திருப்தி என்னும் போர்வையால் மூடுதல் தகாது. அங்கே வேண்டுவது ஆறுதலன்று, மாற்றம். வேறு பொருளையோ வேறு தொழிலையோ நாடுதலே அறிவுடைமை.

இளைய நண்பர்களே! நீவிர் இத்தொழிலை மேற்கொள்வீராயின், பொருளை வேண்டுமளவு தேடுக. அதனை நாணத்தோடு தேடற்க. ஆனால் உம்முடைய வெற்றியை வங்கிக் கணக்கினிடம் கேளாதீர். பத்தாண்டுகட்கு முன் உம்மிடம் பாலிசி வாங்கியவர் கடைத்தெருவில் எதிர்ப்படும்போது, நின்று நலம் வினவுகின்றாரா, எதிர்ப்புறம் ஒதுங்குகின்றாரா என்று பாருங்கள். அவர் நின்றாராயின் நீவிர் வெற்றி பெற்றவரே. அந்நிறைவோடு அடுத்த வீட்டுக் கதவைத் தட்டலாம்.